இருபத்தேழாம் பிளாக்கின் சிவப்புக் கோடு

இருபத்தேழாம் பிளாக்கின் சுவர் முதன்முதலாக நகர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, எட்டாவது மாடியில், ஏழுமலை வீட்டுச் சமையலறையில், பால் பொங்குகிற நேரத்தில். அதுவும் ஒரு முழம்தான் நகர்ந்தது. நகர்த்தியவள் அந்த வீட்டின் இளைய மகள் மோனிஷா. சுவர் டப்பென்று தள்ளிக்கொண்டு போய் நின்றதும் அவள் அம்மா லலிதா திரும்பிப் பார்த்து, "மெதுவா தள்ளுடி, பால் சிந்துது" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் குறைத்தாள். அவ்வளவுதான். ஏன் நகர்ந்தது, எப்படி நகர்ந்தது என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அந்த பிளாக்கில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மோனிஷாவுக்குப் பதில் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற பழக்கம் இருந்திருந்தால் அவள் பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்டிருக்கவே மாட்டாள்.

அவளிடம் மூலையில் விரிசல் விட்ட ஒரு கைபேசி இருந்தது. அதில் கட்டைமேல் கட்டை வைத்துக் கட்டுகிற ஒரு விளையாட்டு இருந்தது. வீடு, மலை, கோட்டை, எதை வேண்டுமானாலும் கட்டலாம். மற்ற பிள்ளைகள் கோட்டை கட்டினார்கள். கோட்டையில் இவளுக்கு என்ன வேலை? இவள் தன் பிளாக்கைக் கட்டினாள். தரைத்தளமும் அதன் தலைமேல் எட்டு மாடியும், மாடிக்குப் பன்னிரண்டு கதவும், கதவுக்கு வெளியே வரிசையாகக் குடமும், குடத்துக்குப் பக்கத்தில் உடைந்த சைக்கிளும், எல்லா மாடிக்கும் நடுவில் லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் அடிமுதல் நுனிவரை வெறும் பொந்தும், எதையும் விடாமல், எதையும் அழகுபடுத்தாமல் கட்டினாள். கட்டி முடித்ததும் அதற்கு உயிர் கொடுக்க ஆரம்பித்தாள். அந்த விளையாட்டில் சிவப்புப் பொடிதான் ஒயர். பொடியைக் கோடாகப் போட்டுக்கொண்டே போய், ஒரு முனையில் லீவரை வைத்து, மறுமுனையில் பிஸ்டன் என்கிற தள்ளுகட்டையை வைத்தால், லீவரை இழுத்ததும் பொடி பளிச்சென்று எரியும், பிஸ்டன் எதிரே இருப்பதை ஒரு கட்டம் தள்ளும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் சமையலறைச் சுவருக்குப் பின்னால் ஒரு பிஸ்டனை வைத்து லீவரை இழுத்தாள். கைபேசியில் நகர்ந்தது, வீட்டிலும் நகர்ந்தது. சிமெண்டுத் தரையில் காவிப் பொடி தூவியதுபோல ஒரு கோடு ஓடியது. லலிதா அதைத் தாண்டிப் போய்ப் பாலை இறக்கினாள்.

வியாழக்கிழமைக்குள் செய்தி கீழே இறங்கிவிட்டது. தண்ணீர் வரிசையில் குடத்தை வைத்து இடம் பிடிப்பதுபோல, மோனிஷா வீட்டு வாசலில் ஆளுக்கொரு செருப்பை வைத்து இடம் பிடித்தார்கள். மூன்றாவது மாடிக்காரர் கதவு தானாகத் திறக்க வேண்டும் என்றார், இரண்டு கையிலும் குடம் இருக்கும்போது சாவி போடுவது பெரிய பேஜார் என்றார், அது நியாயம்தான், செய்து கொடுத்தாள். நான்காவது மாடியில் ஒருவர் தன் ஜன்னலை எதிர் பிளாக்கின் டிவிக்கு நேராக நகர்த்தச் சொன்னார். "டிவியவே வாங்கித் தொலைங்கண்ணா" என்று அனுப்பிவிட்டாள். தரைத்தளத்துத் தனம், தொண்டையாலேயே அந்த பிளாக்கை ஆள்கிறவள், எட்டு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"எனுக்கு சொவரும் வாணாம், கதவும் வாணாம். கொழாயத் தொறந்தா தண்ணி வரணும். அத்தப் பண்ணு."

"உள்ள தண்ணி இருந்தாதான்கா தள்ள முடியும். இல்லாதத எப்டித் தள்றது?"

"அப்ப இன்னாத்துக்குடி எட்டு மாடி ஏற வெச்ச?" என்று தனம் தன் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

தப்பும் நடந்தது. ஆறாவது மாடியில் தையல் வேலை பார்க்கிற நூர்ஜகான், மிஷினுக்கு ஒரு அடி இடம் பத்தவில்லை என்று கேட்டாள். மோனிஷா ஒரு அடி தள்ளிக் கொடுத்தாள். ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் குறையும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மோனிஷாவுக்கு அன்றைக்கு அவசரம். பக்கத்து வீட்டு வசந்தாவின் சமையல் மேடை ஒரு அடி குறைந்து, சுவரில் மாட்டியிருந்த அங்காளம்மன் படம் கீழே விழுந்து உடைந்தது. சுவரைத் திரும்ப இழுத்துவிட்டாள், படத்தை ஒட்டவைக்க எந்தப் பொடியும் இல்லை. வசந்தா அன்றிலிருந்து நூர்ஜகானோடும் பேசவில்லை, எட்டாவது மாடியோடும் பேசவில்லை. குடியிருப்போர் சங்கம் கூடி, பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் எந்தச் சுவரும் நகரக் கூடாது என்று தீர்மானம் போட்டது. வீடு ஒதுக்கிய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்து பார்த்து, "சுவர் நகர்றதுக்கு முன்னாடி மனு கொடுத்தீங்களா?" என்று கேட்டார். கொடுக்கவில்லை என்றார்கள். "அப்ப நகரலன்னுதான் எழுத முடியும்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அத்தோடு அந்த அதிசயம் முடிந்து, வழக்கமாகிவிட்டது.

ஆனால் மோனிஷா சுவர் நகர்த்துவதற்காக இதை ஆரம்பிக்கவில்லை. அவள் கண் ஆரம்பத்திலிருந்தே அந்தப் பொந்தின் மேல்தான் இருந்தது.

அவள் அப்பா ஏழுமலை மீன்பிடித் துறைமுகத்தில் இருபத்தைந்து வருடம் தலையில் ஐஸ் பெட்டி சுமந்தவர். ஒரு நாள் அடுக்கு சரிந்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அப்புறம் ஆற்றோரத்துக் குடிசைகளைப் பிரித்து ஜனங்களை நகரத்துக்கு வெளியே கொண்டுவந்து கொட்டியபோது, குலுக்கலில் அவர் பேருக்கு எட்டாவது மாடி விழுந்தது. லிஃப்ட் இருக்கே என்றார்கள். இருந்தது, ஐந்து மாதம். ஆறாவது மாதம் மூச்சை விட்டது. பழுது பார்க்கிறோம் என்று வந்தவர்கள் கூண்டைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போனார்கள், லாரி போன வழி போனதுதான். மூன்று வருடம் இரண்டு மாதமாக ஏழுமலை மண்ணை மிதிக்கவில்லை. ஒரு தடவை உட்கார்ந்தபடியே படிப்படியாக நகர்ந்து பார்த்தார், ஐந்தாவது மாடிக்கு வருவதற்குள் வெட்டுப்பட்ட இடம் புண்ணாகி ரத்தம் வந்து திரும்பிவிட்டார். நாற்காலியில் வைத்துத் தூக்குகிறோம் என்று பையன்கள் வந்து நின்றபோது, "இருவத்தஞ்சு வருசம் சொமந்தவன்டா நானு. சொம எப்டிக் கனக்கும்னு எனுக்குத் தெரியும். நான் சொமையாவ மாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது மூத்த மகள் சுகுணாவுக்குக் கல்யாணம். ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம், பிளாக்குக்கு முன்னால் இருக்கிற காலி இடத்தில் பந்தல். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து, பெண்ணின் அப்பா மேலேயே இருக்கட்டும், சித்தப்பா தாரை வார்க்கட்டும், அதில் தப்பில்லை என்றார். ஏழுமலையும் தப்பில்லை என்றார். சொல்லிவிட்டு மூன்று நாள் ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்து, பந்தல் போடப்போகிற அந்தத் துண்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு வைத்தால் சாப்பிட்டார், பேசினால் பேசினார், கண்ணை மட்டும் எடுக்கவில்லை. மோனிஷாவால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நைனா. கல்யாணத்துக்கு உன்ன கீழ எறக்குறேன்."

"தூக்குவியா?"

"தூக்க மாட்டேன்."

"அப்ப சரி" என்று ஏழுமலை மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சொல்வது சுலபம். கைபேசியில் பொந்துக்குள் ஒரு பலகை வைத்தாள், எட்டாவது மாடியில் பொந்தின் வாயில் ஒரு சிமெண்டுப் பலகை நாக்குபோல நீண்டது. தரைத்தளத்தில், பொந்தின் வாசலில், பிஸ்டன் வைத்தாள். பிஸ்டனுக்கு ஒரு தட்டு விழுந்தால் பலகை ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். மாடிக்கு ஒன்பது தட்டு, எட்டு மாடிக்கு எழுபத்திரண்டு தட்டு. கணக்குச் சரி. கோளாறு பொடியில் இருந்தது. லீவர் மேலே, பிஸ்டன் கீழே, நடுவே படிக்கட்டு வழியாகப் பொடி. அந்தப் பொடியில் ஓடுகிற சக்தி பதினைந்து கட்டம்தான் ஓடும், அதற்குள் மங்கிச் செத்துவிடும். பதினைந்து கட்டம் என்பது அந்த பிளாக்கில் சரியாக ஒரு மாடி. விளையாட்டில் இதற்கு மருந்து இருக்கிறது, ரிப்பீட்டர் என்று ஒரு சின்னக் கட்டை. மங்கி வருகிற சக்தியை வாங்கி, மறுபடி புதுசாக எரியவைத்து அனுப்பும். மோனிஷா ஒவ்வொரு மாடியிலும் ரிப்பீட்டரை வைத்தாள். கைபேசியில் உட்கார்ந்தது. கட்டடத்தில் உட்காரவில்லை. பொடி வெளியே வந்தது, பலகை வெளியே வந்தது, ரிப்பீட்டர் மட்டும் வரமாட்டேன் என்றது. ஏழாவது மாடி வரைக்கும் கோடு சிவப்பாக எரியும், அங்கே செத்துப்போய்க் காவித் தூளாகக் கிடக்கும். ஐந்து நாள் முட்டி மோதினாள். கைபேசியை ஒரு தடவை சுவரில் எறியக்கூடப் போனாள். எறியவில்லை, வேறு கைபேசி இல்லை.

ஆறாவது நாள் காலை தண்ணீர் லாரி வந்தது.

லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் கால் மணிக்கு மேல் நிற்காது. அதனால் அந்த பிளாக்கில் ஒரு முறை உண்டு. லாரியின் மூக்கு தெருமுனையில் தெரிந்ததும் தரைத்தளத்துத் தனம் படிக்கட்டின் கீழே நின்று "வந்துச்சு" என்று ஒரே ஒரு கத்து கத்துவாள். தனத்தின் தொண்டைகூட முதல் மாடியைத் தாண்டாது. முதல் மாடியில் ஒருத்தி அதை வாங்கி "வந்துச்சு" என்பாள், அதை இரண்டாவது மாடிக்காரி வாங்குவாள், இப்படிக் குரல் மாடி மாடியாக ஏறி எட்டாவது மாடியில் லலிதாவிடம் போய்ச் சேரும். மாடிக்கு ஒருத்தி. அவள் சமைத்துக்கொண்டிருந்தாலும் கத்துவாள், குளித்துக்கொண்டிருந்தாலும் கத்துவாள், கீழ்மாடிக்காரியோடு ஜென்மப் பகை என்றாலும் அந்த ஒரு சொல்லை மட்டும் மறிக்க மாட்டாள். ஒருத்தி வாயை மூடினால் அவளுக்கு மேலே இருக்கிற அத்தனை வீட்டுக் குடமும் காலி.

அன்றைக்கும் தனம் கத்தினாள். ஒன்று வாங்கியது, இரண்டு வாங்கியது, எட்டு வாங்கியது. லலிதா குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். மோனிஷா குடத்தை எடுக்கவில்லை. பொந்தின் ஓரத்தில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தவள், மங்குகிற இடத்தில் வாங்கிப் புதுசாக அனுப்புகிற அந்த ரிப்பீட்டர் இத்தனை நாளும் தன் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது புரிந்ததும், மாடிக்கு ஒரு குரலைக் கேட்டு வாங்கப் படியில் இறங்கி ஓடினாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. பலகைமேல் ஏழுமலைக்குப் பதிலாக ஒரு டிரம் நிறையத் தண்ணீர். ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தி, மங்கி வருகிற பொடியின் முனையில் கால் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். மோனிஷா லீவரை இழுத்தாள். பொடி எரிந்து ஏழாவது மாடிக்கு வந்து மங்கியது. ஏழாவது மாடிக்காரி "வந்துச்சு" என்றாள். அவள் காலுக்கு அந்தப் பக்கம் பொடி குப்பென்று எரிந்தது. எரிந்து ஆறாவது மாடிக்குப் போனது. அங்கே நின்றவள் வசந்தா. மோனிஷாவின் பேரைக்கூடச் சொல்வதில்லை என்றாலும், ஆறாவது மாடியின் குரல் அவளுடையது, அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு "வந்துச்சு" என்றாள். இப்படியே கீழே போய் டிரம் ஒரு அடி இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆனால் தட்டு விழுந்துவிட்டதா என்று மேலே இருக்கிற மோனிஷாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் சீக்கிரம் இழுத்தால் இரண்டு சேதி நடுவழியில் மோதிக்கொண்டு இரண்டும் செத்தன. தாமதித்தால் பெண்கள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மூன்று அடி இறங்கியது.

"இந்த வேகத்துல உங்க நைனா எறங்கி வர்றதுக்குள்ள சுகுணா புள்ளைக்குக் காது குத்தலாம்" என்றாள் தனம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மோனிஷா ஆறு மணிக்குக் கதவைத் திறந்தாள். படிக்கட்டு முழுக்க ஈரம். கோட்டைக் காணோம்.

எட்டு மாடிப் படியையும் பெண்கள் சேர்ந்து கழுவியிருந்தார்கள். கல்யாண வீடு, கழுவாமல் எப்படி? கழுவிவிட்டு, கோடு வேண்டுமே என்று அவர்களே மறுபடி போட்டிருந்தார்கள், காவி கரைத்து, பளபளவென்று. போட்டதும் எப்படி? மோனிஷாவின் கோடு மேலிருந்து கிளம்பிக் கீழே பிஸ்டனில் போய் முடியும். இவர்கள் போட்ட கோடு படியின் வலது ஓரமாக இறங்கி, லிஃப்ட் வாசலுக்கு முன்னால் தரையில் வளைந்து, பிஸ்டனைத் தொட்டு, படியின் இடது ஓரமாக எட்டு மாடியும் திரும்ப ஏறி, கிளம்பின இடத்திலேயே வந்து சேர்ந்திருந்தது.

"யாரக் கேட்டு அழிச்சீங்க?" என்று மோனிஷா கத்தினாள். "ரெண்டு நாள் பொடிய எண்ணி எண்ணிப் போட்டேன். மூணு மணி நேரத்துல முகூர்த்தம். யாரக் கேட்டீங்க?"

"இன்னாடி கத்துற?" என்றாள் தனம், கை நிறையக் காவியோடு. "நீ போட்டது மொட்டக் கோடு. கல்யாணத்தன்னிக்கு யாராச்சும் கோலத்து இழையத் தெறந்து வுடுவாங்களா? தொடங்குன எடத்துலயே வந்து முடியணும். தெறந்து வுட்டா வூட்ல இருக்குற நல்லதெல்லாம் அது வழியா ஒழுவிப் போயிடும். உங்க இஸ்கூல்ல இத்தக்கூடச் சொல்லித் தரல?"

ஆறாவது மாடியிலிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்த நூர்ஜகான், "எங்க வூட்டாண்ட நான்தான் இழுத்தேன். எனுக்குக் கோலம் வராது. ஸ்கேல் வெச்சு இழுத்தேன்" என்றாள், பெருமையாக.

மோனிஷா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைபேசியைத் திறந்தாள். இதுவரை கைபேசியில் போட்டது கட்டடத்துக்கு வந்தது. இன்றைக்குக் கட்டடத்தில் போட்டது கைபேசிக்குள் போயிருந்தது. திரையில் அவள் கட்டிய பிளாக்கில், சின்னச் சின்னச் சதுரமாக, வலதில் இறங்கி இடதில் ஏறி, நூர்ஜகான் ஸ்கேல் வைத்து இழுத்த இடம் மட்டும் நேராக, அந்தச் சிவப்பு இழை மூடிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளின் முகம் மாறியது. இழை மூடிவிட்டால், ஒரே ஒரு தடவை லீவரை இழுத்தால் போதும். போன சேதி சுற்றிக்கொண்டு தானாகவே மேலே திரும்பி வரும், வந்ததும் மறுபடி இறங்கும், மறுபடி வரும். யாரும் காத்திருக்க வேண்டாம், யாரும் இழுக்க வேண்டாம். ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. விளையாட்டில் அவள் அதைத் தெரிந்தே செய்ததில்லை, ஏனென்றால் அது நிற்காது, கைபேசி சூடாகிச் செத்துவிடும்.

"தனக்கா" என்றாள். "தப்பு பண்ணியிருக்கீங்க. ஆனா என்னோடத விட நல்லாப் பண்ணியிருக்கீங்க."

"அத்த சிரிச்சிக்கினு சொல்லு."

ஒன்பது மணி. கீழே பந்தல் நிறைந்துவிட்டது. ஏழுமலை வெள்ளை வேட்டி கட்டி, சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டு, ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு பொந்தின் வாயில் வந்து நின்றார். பலகையைப் பார்த்தார், எண்பது அடிக்குக் கீழே மினுங்குகிற தண்ணீரைப் பார்த்தார். தரைக்கும் கீழே போகிற அந்தப் பொந்தின் அடியில் மூன்று வருட மழைத்தண்ணீர், ஆள் மட்டத்துக்கு மேலே.

"யாரும் தூக்கலியே?"

"தூக்கல நைனா. தள்றாங்க."

"தள்றது பரவால்ல. நம்மள இங்க வரைக்கும் தள்ளிக்கினுதான வந்தாங்க" என்று சொல்லிவிட்டு, ஒற்றைக் காலால் பலகைமேல் ஏறினார்.

மாடிக்கு ஒருத்தி, வலது காலை இறங்குகிற கோட்டிலும் இடது காலை ஏறுகிற கோட்டிலும் வைத்து நின்றாள். தரைத்தளத்தில் தனம், கையில் துடைப்பத்தோடு. பலகை தரைக்கு வந்ததும் மோனிஷா விசில் அடிப்பாள், தனம் துடைப்பத்தால் கோட்டை ஒரு இழு இழுத்து அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால் அடுத்த தட்டில் பலகை தண்ணீருக்குள் இறங்கும்.

மோனிஷா லீவரை இழுத்தாள். லலிதா, இருபது வருடமாகப் புருஷன் பேரைச் சொல்லாதவள், புருஷனைப் பார்த்துக்கொண்டே "வந்துச்சு" என்றாள். ஏழு வாங்கியது, ஆறு வாங்கியது, ஐந்தும் நாலும் மூன்றும் வாங்கின, தனம் வாங்கினாள், பலகை தட்டென்று இறங்கியது, குரல் திரும்பி ஒன்றும் இரண்டும் மூன்றுமாக ஏறியது, லலிதாவின் இடது காலில் பொடி எரிந்தது, அவள் வலது காலில் அதை இறக்கிவிட்டாள், வந்துச்சு, மறுபடி இறங்கியது, வந்துச்சு, மறுபடி ஏறியது, வந்துச்சு, வந்துச்சு, வந்துச்சு, எட்டு மாடிக் கட்டடமும் ஒரே தொண்டையாகி மூச்சு விடுவதுபோல அந்தச் சொல் சுற்றிச் சுற்றி வந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழுமலை ஒரு அடி மண்ணுக்குப் பக்கத்தில் வந்தார். லிஃப்ட்டின் கம்பிக் கதவு வழியாக ஏழாவது மாடி அவரைப் பார்த்தது. மூன்று வருடமாக அவர் குரலை மட்டும் கேட்டிருந்த பிள்ளைகள், இவ்வளவு உயரமா என்று பார்த்தார்கள்.

ஆறாவது மாடிக்கு நேராக வந்தபோது சத்தம் நின்றது.

பலகை நின்றது. வசந்தாவின் வலது காலில் பொடி மங்கிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த பிளாக்கில் அந்தச் சொல் ஒரு ஆளிடம் நின்றது அதுதான் முதல் தடவை. படியில் ஓடிவந்துகொண்டிருந்த மோனிஷா அவள் எதிரே வந்து நின்றாள். மங்கிச் செத்துவிட்டால், ஆறாவது மாடிக் குரல் இல்லாமல் மறுபடி ஓட்ட முடியாது, பலகை அங்கேயே தொங்கும். "தப்பு என்னுதுதான்கா" என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. சொன்னாள். வசந்தா அவள் பக்கம் திரும்பவே இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற ஏழுமலையைப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு எங்க வூட்டு ஆத்தா படத்த ஒடச்சிட்டா."

"ஒடச்சிட்டா" என்றார் ஏழுமலை. "கீழ போயி, கடத்தெருவுக்கு நடந்து போயி, நானே புதுசு வாங்கியாறேன்மா. இன்னிக்கே."

மூன்று வருடமாக அந்த மனிதர் எதையும் வாங்கி வருகிறேன் என்று சொன்னதில்லை. வசந்தாவுக்கு அது சுருக்கென்றது. பொடி அணைவதற்கு ஒரு நொடி இருக்கும்போது, அந்த பிளாக்கே அதிர்கிற மாதிரி "வந்துச்சு" என்றாள்.

ஐந்து போனது, நான்கு போனது, மூன்று போனது. கீழே இறங்க இறங்கக் காற்று மாறியது. ஏழுமலைக்குச் சாம்பார் வாசனை வந்தது, ஈர மண் வாசனை வந்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டார். எழுபது, எழுபத்தொன்று என்று எண்ணிக்கொண்டே மோனிஷா முதல் மாடிப் படியில் தாவி வந்தாள். எழுபத்திரண்டு. பலகை தரைக்குச் சமமாக வந்து நின்றது. அவள் விசில் அடித்தாள்.

அதே நேரத்தில், பந்தலிலிருந்து எட்டிப் பார்த்த மேளக்காரர், பெண்ணின் அப்பா முகத்தைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலேயே கெட்டிமேளம் கொட்டினார். விசில் அதில் கரைந்து போனது. தனம் துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, தலையை ஆட்டி ஆட்டி "வந்துச்சு, வந்துச்சு" என்று கத்திக்கொண்டே இருந்தாள். சுற்றி வந்த சொல் இடது பக்கம் ஏறிவிட்டது. மேலே லலிதா அதை வாங்கி இறக்கிவிட்டாள். ஏழு, ஆறு, ஐந்து என்று அது இறங்கி வருவது மோனிஷாவின் காதில் விழுந்தது. "தனக்கா, அறு, அறு" என்று அவள் கத்தியதும் மேளத்தில் போனது. மூன்று. இரண்டு.

ஏழுமலை கண்ணைத் திறந்தார். வாசலுக்கு முன்னால் தரையில் வளைந்து போகிற சிவப்புக் கோட்டைப் பார்த்தார். ஊன்றுகோலைப் பலகையில் ஊன்றி, மூன்று வருடம் இரண்டு மாதத்துக்கு அப்புறம், தன் ஒற்றைக் காலை எடுத்து வெளியே வைத்தார். சரியாகக் கோட்டின் மேல் வைத்தார். வைத்து, மீன் மார்க்கெட்டில் பீடித் துண்டை அணைப்பதுபோல, அழுத்தி ஒரு தேய் தேய்த்தார்.

முதல் மாடிக்காரி "வந்துச்சு" என்றாள். பொடி ஏழுமலை தேய்த்த இடம் வரைக்கும் எரிந்து வந்து செத்தது. எட்டு மாடியும் ஒவ்வொன்றாக வாயை மூடியது. மேளம்கூட நின்றது.

ஏழுமலை இன்னொரு எட்டு வைத்தார். சிமெண்டைத் தாண்டி மண்ணுக்கு வந்தார். பந்தல் வரைக்கும் யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை, கொடுக்கக் கூடாது என்று அந்த பிளாக்குக்குத் தெரியும். அவர் போன வழியில் ஒரு சிவப்புப் பாதம், ஒரு ஊன்றுகோல் புள்ளி, ஒரு சிவப்புப் பாதம், ஒரு புள்ளி என்று மணவறை வரைக்கும் பதிந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து வந்து, "யாருங்க தூக்கினு வந்தாங்க?" என்றார்.

"யாரும் தூக்கல" என்றார் ஏழுமலை. "எறங்கி வந்தேன். தள்ளுங்க, எம்பொண்ணு கைய நான்தான் புடிச்சுக் குடுக்கணும்."

சுகுணா சும்மா அழுதாள். மோனிஷா அழவில்லை, பந்திக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து இரண்டு தடவை வடை கேட்டு வாங்கினாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு, சாப்பிட்ட அலுப்பில் பிளாக்கே படுத்துக் கிடந்தபோது, ஏழுமலை கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்தார். சட்டை முழுக்கப் புழுதி, அக்குளில் காகிதம் சுற்றிய அங்காளம்மன் படம். லிஃப்ட் பொந்தின் முன்னால் வந்து குனிந்து, தனம் மிச்சம் வைத்திருந்த காவியை எடுத்து, தன் கால் தேய்த்து அறுத்த இடத்தில் இழையைச் சேர்த்துப் போட்டார். கோணலாகத்தான் வந்தது. பலகைமேல் ஏறி நின்றுகொண்டு, காலையில் சொல் இறங்கி வந்த வலது பக்கமே அது தலைகீழாக ஏறும்படி, தண்ணீர் லாரிக்குக் கத்துகிறதுபோலக் கீழிருந்து மேலே, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கத்தினார்.

"வந்துச்சு."

அந்தப் படிக்கட்டில் அந்தச் சொல்லை ஒரு ஆண் குரல் சொல்லி யாரும் கேட்டதில்லை. அப்புறம் முதல் மாடியில் ஒரு கதவு திறந்தது, இரண்டாவது மாடியில் ஒருத்தி கொட்டாவியோடு வாங்கினாள், மூன்றும் நாலும் ஐந்தும் வாங்கின, ஆறாவது மாடியில் வசந்தா எல்லோரையும்விட உரக்க வாங்கினாள், சொல் எட்டு வரைக்கும் போய்ச் சுற்றித் திரும்பியதும் பலகை தட்டென்று ஒரு அடி மேலே ஏறியது.